எழுதாத கதைக்கு வேலி உண்டா?

"ஒரு நாவலுக்கான கரு என்னிடம் இருக்கிறது, பாதிகூட எழுதி முடிக்கவில்லை. இதற்குள் ஒரு தயாரிப்பு நிறுவனத்திலிருந்து கதை சொல்ல வரச்சொல்லி அழைத்துவிட்டார்கள். போவதற்கு முன் கருவைப் பதிவு செய்துவிட முடியுமா? அவர்கள் அதை எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்யலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கான பதில் ஏமாற்றம் தரும் என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் வெறும் கருவை யாரும் தம் உடைமையாக்கிக்கொள்ள முடியாது. இரண்டாவது கேள்விக்கான பதில், அந்த அறைக்குள் நுழைவதற்கு முன்பும் வெளியே வந்த பின்பும் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

சொல்லிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. 'காப்புரிமை' என்ற ஒரே சொல்லைக் கண்டுபிடிப்புகளுக்கு வழங்கப்படும் பேட்டன்ட்டுக்கும் புத்தகங்களுக்கு உள்ள காப்பிரைட்டுக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பழகிவிட்டோம். பேட்டன்ட் என்பது விண்ணப்பித்து, பரிசீலிக்கப்பட்டு, தகுதி இருந்தால் வழங்கப்படுவது. காப்பிரைட், அதாவது பதிப்புரிமை, எழுத்து பிறக்கும்போதே அதனுடன் பிறந்துவிடுவது. பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஏற்பாடான 1886-ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்துள்ள நாடுகள், பிற உறுப்பு நாடுகளின் படைப்புகளுக்கு அந்த உரிமையைத் தரப் பதிவையோ வேறு சடங்கையோ முன்நிபந்தனையாக வைக்கக்கூடாது. ஆகவே "கதையைப் பேட்டன்ட் செய்து வைத்திருக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், அவர் செய்திருப்பது பெரும்பாலும் வேறு ஏதோ ஒரு பதிவு. அந்தப் பதிவு எதைக் காக்கிறது என்பதை அவர் விசாரித்துக்கொள்வது நல்லது.

பதிப்புரிமை காப்பது வெளிப்பாட்டை, கருத்தை அன்று. அறிவுசார் சொத்துரிமை பற்றிய 1994-ஆம் ஆண்டின் ட்ரிப்ஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கை தன் ஒன்பதாம் பிரிவில் இதை ஒரே வாக்கியத்தில் சொல்கிறது: பாதுகாப்பு வெளிப்பாடுகளுக்கு உண்டு, கருத்துகளுக்கும், செய்முறைகளுக்கும், இயக்க முறைகளுக்கும், கணிதக் கோட்பாடுகளுக்கும் இல்லை. 1996-இல் வந்த உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பதிப்புரிமை உடன்படிக்கையும் இதையே திரும்பச் சொல்கிறது. இதைக் கேட்டதும் எழுத்தாளர்களுக்குக் கோபம் வருகிறது. ஆனால் கருவுக்கு உடைமை உண்டு என்று வைத்துக்கொண்டால், முதன்முதலில் ஒரு பழிவாங்கும் கதையை எழுதியவரின் வாரிசுகளிடம் நாம் எல்லோரும் அனுமதிக் கடிதத்துக்காக வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். முதனூல், வழிநூல், சார்புநூல் என்று வகுத்து வைத்த மரபில் வந்தவர்களுக்கு, ஒருவர் எடுத்த பொருளை இன்னொருவரும் எடுத்துத் தன் மொழியில் சொல்வது புதிய செய்தி அல்லவே.

கரு எங்கே முடிகிறது, வெளிப்பாடு எங்கே தொடங்குகிறது என்பதை ஓர் உதாரணத்தில் பார்ப்போம். இறந்துபோனவர்களுக்கு வரும் கடிதங்களைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல், ஒரு தபால்காரர் தானே அவற்றுக்குப் பதில் எழுதுகிறார். இது ஒன்லைன், அதாவது கதையின் ஒருவரிச் சுருக்கம். இதை நீங்கள் யாரிடமாவது சொல்ல, அவர் வீட்டுக்குப் போய் இதே கருவில் ஒரு கதை எழுதினால், பதிப்புரிமை அவரைத் தடுக்காது. இப்போது ஒரு படி உள்ளே போவோம். இறந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். கடிதம் எழுதுபவர் வெளியூரில் இருக்கும் அவருடைய தங்கை. பதிலில் 'இங்கு அனைவரும் நலம்' என்று தபால்காரர் தொடங்க, தன் அண்ணன் நலம் விசாரித்து ஒருபோதும் கடிதம் தொடங்கியதில்லை என்பதால் தங்கைக்கு முதல் வரியிலேயே சந்தேகம் வருகிறது. ஆனால் அதைக் காட்டிக்கொள்ளாமல் அவள் தொடர்ந்து எழுதுகிறாள், ஏனென்றால் அவளுக்கும் பதில் வேண்டியிருக்கிறது. இன்னும் உள்ளே: நான்காவது கடிதத்தில் அவள் வேண்டுமென்றே நடக்காத ஒரு சம்பவத்தை நடந்ததாக எழுதுகிறாள், தபால்காரர் அதை நினைவிருப்பதாகச் சொல்லி மாட்டிக்கொள்கிறார். இப்படிப் பாத்திரம், உறவு, சம்பவங்களின் வரிசை, திருப்பம், உரையாடல் என்று ஒவ்வொன்றாகச் சேரச் சேர, அது பொதுவெளியிலிருந்து விலகி உங்கள் தனிச்சொத்தாகிக்கொண்டே வருகிறது. நான்காவது கடிதத்தின் பொறி வரை இன்னொருவருடைய கதையிலும் அதே வரிசையில் இருக்குமானால், சொற்கள் வேறாக இருந்தாலும் உங்களுக்கு வழக்கு இருக்கிறது.

கோட்டைத் துல்லியமாக எங்கே போடுவது என்பதற்கு வாய்ப்பாடு கிடையாது. இதில் பெரிதும் மேற்கோள் காட்டப்படும் அமெரிக்கத் தீர்ப்பு 1930-இல் நீதிபதி லேர்னட் ஹாண்ட் எழுதியது. யூதக் குடும்பத்துப் பிள்ளையும் ஐரிஷ் குடும்பத்துப் பிள்ளையும் காதலித்து மணக்க, இரு குடும்பங்களும் மோதிக்கொள்ளும் நாடகம் ஒன்றின் ஆசிரியை, தன் கதையை எடுத்துக்கொண்டதாக ஒரு திரைப்பட நிறுவனத்தின்மீது வழக்குத் தொடர்ந்தார். ஒரு படைப்பிலிருந்து சம்பவங்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் யாருக்கும் சொந்தமில்லாத பொதுவான வடிவம் மட்டுமே எஞ்சும் என்றும், இரு படைப்புகளுக்கும் பொதுவாக இருப்பது அந்த எச்சம்தான் என்றும் சொல்லி நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. எவ்வளவு குறைவாகச் செதுக்கப்பட்ட பாத்திரமோ அவ்வளவு குறைவான பாதுகாப்பு என்ற விதியும் அந்தத் தீர்ப்பிலிருந்தே வருகிறது.

அரை நூற்றாண்டு கழித்து, 1978-இல் இந்திய உச்ச நீதிமன்றம் விசாரித்த ஆர். ஜி. ஆனந்த் வழக்கு இதற்கு உடன்பிறப்பு போல் இருக்கிறது. பஞ்சாபிக் குடும்பமும் மதராசிக் குடும்பமும், இடையில் ஒரு காதல். நாடக ஆசிரியர் தன் நாடகத்தை ஓர் இயக்குநருக்கு நேரிலேயே விவரித்துச் சொல்லியிருக்கிறார். பிறகு 1956-இல் வந்த படம் தன் நாடகமே என்பது அவர் வாதம். அவரும் தோற்றார். மாகாண வெறி என்ற கரு இரண்டிலும் பொது, ஆனால் படம் வரதட்சணை முதலான வேறு பிரச்சினைகளையும் எடுத்துக்கொண்டு தனக்கான பாதையில் போகிறது என்று நீதிமன்றம் கண்டது. இரண்டையும் பார்த்த ஒருவருக்குப் பின்னது முன்னதன் நகல் என்ற ஐயத்துக்கிடமில்லாத எண்ணம் எழுகிறதா என்பதே சோதனை என்றும் வகுத்தது. நேரில் கதை கேட்டார் என்பது மட்டும் போதவில்லை என்பதை இங்கே நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். உங்கள் நிலைமைக்கு மிக நெருக்கமான வழக்கு இது.

மறுபக்கமும் ஒன்று உண்டு. எழுத்தாளர்கள் நம்ப மறுக்கும் ஓர் உண்மை, இரண்டு பேருக்கு ஒரே சமயத்தில் ஒரே யோசனை வரும் என்பது. ஒரே செய்தியைப் படிக்கிறோம், ஒரே காலத்தின் கவலைகளைச் சுமக்கிறோம். கருக்கள் ஒத்துப்போவதில் வியப்பில்லை. சட்டம் நகலெடுத்தலைத்தான் தண்டிக்கிறது, ஒத்துப்போவதை அன்று. கீட்ஸின் கவிதையை அறியவே அறியாத ஒருவர் ஏதோ மாயத்தால் அதே கவிதையைப் புதிதாக இயற்றிவிட்டால் அவரும் அதற்கு ஆசிரியரே என்று அதே ஹாண்ட் 1936-இல் இன்னொரு தீர்ப்பில் எழுதினார். அப்படி ஒருவர் இதுவரை நடமாடியதாகத் தெரியவில்லை, ஆனால் கோட்பாடு அதுதான்.

இப்போது நல்ல செய்திக்கு வருகிறேன். பதிப்புரிமை கைவிடும் இடத்தில் வேறு இரண்டு கதவுகள் இருக்கின்றன: ஒன்று ஒப்பந்தம், மற்றொன்று நம்பிக்கைக் கடப்பாடு, அதாவது நம்பிச் சொன்னதை இரகசியமாகக் காக்க வேண்டிய கடமை. இரண்டுமே கருவைப் பற்றியவை அல்ல, கருவைச் சொன்னவருக்கும் கேட்டவருக்கும் இடையிலான உறவைப் பற்றியவை. அதனால்தான் எழுதப்படாத யோசனைகூட இவற்றின் கீழ் காப்பாற்றப்படலாம்.

ஒப்பந்தத்துக்கு எடுத்துக்காட்டு, கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1956-இல் தீர்ப்பளித்த டெஸ்னி எதிர் வைல்டர் வழக்கு. டெஸ்னி என்பவர் 1949-இல் இயக்குநர் பில்லி வைல்டரின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, குகையில் சிக்கி இறந்த ஒருவரைப் பற்றிய உண்மைச் சம்பவத்தைப் படமாக்கலாம் என்று செயலாளரிடம் சொன்னார். பிறகு மூன்று நான்கு பக்கச் சுருக்கத்தைத் தொலைபேசியிலேயே வாசிக்க, செயலாளர் அதைச் சுருக்கெழுத்தில் எடுத்துக்கொண்டார். பயன்படுத்தினால் பணம் தர வேண்டும் என்று டெஸ்னி சொல்லியிருந்தார். இந்த ஒரு வாக்கியம்தான் அவரைக் காப்பாற்றியது. கருத்து காற்றைப் போல எல்லோருக்கும் பொதுவானதுதான், ஆனால் அதைக் கொண்டுவந்து கொடுப்பதற்கு விலை பேசிக்கொள்ளலாம், அப்படிப் பேசியதைச் சூழ்நிலையிலிருந்தே ஊகிக்கவும் செய்யலாம் என்று சொல்லி நீதிமன்றம் அவருடைய வழக்கை விசாரணைக்குத் திருப்பி அனுப்பியது. பேரம் பேசாமல் யோசனையை முதலில் கொட்டிவிட்டு வருந்துகிறவர், அதற்குத் தன்னையே நொந்துகொள்ள வேண்டும் என்ற பொருள்பட ஒரு வரியும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது.

நம்பிக்கைக் கடப்பாட்டுக்கு, 1983-ஆம் ஆண்டின் ஃப்ரேசர் எதிர் தேம்ஸ் தொலைக்காட்சி என்ற இங்கிலாந்து வழக்கு. மூன்று நடிகைகள் கொண்ட ஒரு ராக் இசைக்குழுவைப் பற்றிய தொடருக்கான யோசனை வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. நிறுவனம் அந்த நடிகைகளை விட்டுவிட்டு வேறு நடிகைகளை வைத்துத் தொடரை எடுத்தது. எழுத்தில் இல்லாவிட்டாலும், இரகசியம் காக்க வேண்டிய சூழலில் சொல்லப்பட்டு, தெளிவாக அடையாளம் காணக்கூடியதாகவும், அசலானதாகவும், வணிகக் கவர்ச்சி உள்ளதாகவும், செயலாக்கத்தக்க அளவுக்கு வளர்ந்ததாகவும் இருந்தால் யோசனையும் பாதுகாக்கப்படும் என்று நீதிபதி தீர்ப்பளித்தார். வழக்குத் தொடுத்தவர்கள் வென்றார்கள். இந்த நான்கு அடைமொழிகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் கருவைப் பாருங்கள். 'தனிமையைப் பற்றிய ஒரு கதை' எந்த நீதிமன்றத்திலும் நிற்காது; தபால்காரரும் தங்கையும் நிற்கலாம்.

ஆகவே உங்களுடைய சந்திப்புக்கு வருவோம். போவதற்கு முன் நாவலை முடிக்க முடியாவிட்டாலும், பத்துப் பன்னிரண்டு பக்கத்துக்கு ஒரு விரிவான கதைச்சுருக்கத்தை எழுதி முடித்துவிடுங்கள். தொடக்கம், முடிவு, முக்கியமான திருப்பங்கள், பாத்திரங்களின் பெயர்கள், இரண்டு மூன்று முழுக் காட்சிகள் உரையாடலோடு இருக்கட்டும். கரு உங்கள் தலையில் இருக்கும் வரை அது யாருடையதும் அல்ல. அந்தப் பன்னிரண்டு பக்கமும் உங்களுடைய எழுத்து, அதற்குப் பதிப்புரிமை உண்டு. பிறகு, சந்திப்புக்கான நேரத்தை உறுதிசெய்யும் மின்னஞ்சலிலேயே, கதையைப் படைப்புக்கான உரிய ஊதியத்துடன் பயன்படுத்துவது குறித்துப் பேச வருகிறேன் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். சந்திப்பு முடிந்த அன்றே இன்னொரு மின்னஞ்சல் போக வேண்டும். அது ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

"இன்று காலை பதினொரு மணிக்கு உங்கள் அலுவலகத்தில் உங்களையும் கதை இலாகாவைச் சேர்ந்த இருவரையும் சந்தித்து, 'திரும்பாத கடிதங்கள்' என்று நான் தற்காலிகமாகப் பெயரிட்டுள்ள கதையைச் சுமார் நாற்பது நிமிடம் சொன்னேன். கதைச்சுருக்கத்தின் படியை இத்துடன் இணைத்துள்ளேன். நான் சொன்னதுபோல, இந்தக் கதை உங்கள் பரிசீலனைக்கு மட்டுமே. பயன்படுத்த விரும்பினால் ஊதியமும் பெயரும் குறித்த ஒப்பந்தத்துக்குப் பிறகே பயன்படுத்துவீர்கள் என்ற புரிதலில் சொல்லியிருக்கிறேன். நேரம் ஒதுக்கியமைக்கு நன்றி."

மரியாதையான கடிதம்தான், யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். ஆனால் யார், எப்போது, எதை, எந்த நிபந்தனையில் கேட்டார்கள் என்ற நான்கையும் அது பதிவு செய்துவிடுகிறது. 'நான் சொன்னதுபோல' என்று எழுத வேண்டுமானால் அறையில் அதை உண்மையிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

இரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்கலாமே என்று பலர் யோசனை சொல்வார்கள். கேட்கலாம், ஆனால் பதிப்பாசிரியர்களும் தயாரிப்பாளர்களும் அறிமுகமில்லாத எழுத்தாளருக்கு அதில் கையெழுத்திடுவது அரிது. மாதத்துக்கு எத்தனையோ கதை கேட்பவர்கள், ஏதோ ஒன்று ஏற்கெனவே கையில் இருப்பதைப் போல அமைந்துவிட்டால் சிக்கல் என்று அஞ்சுகிறார்கள், அந்த அச்சத்தில் நியாயமும் உண்டு. அதற்கு மாறாக அவர்களே உங்களிடம் ஒரு விடுவிப்புப் படிவத்தை நீட்டக்கூடும். 'இதைப் போன்ற படைப்பு எங்களிடம் ஏற்கெனவே இருக்கலாம், அதைப் பயன்படுத்துவதால் உங்களுக்கு எந்த உரிமையும் எழாது' என்பது அதன் சாரம். அதில் கையெழுத்திட்டால் மேலே சொன்ன இரண்டு கதவுகளையும் நீங்களே சாத்திவிடுகிறீர்கள். கையெழுத்திடக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன், ஏனென்றால் பல இடங்களில் அதில்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ஆனால் படித்துவிட்டு, உங்களுடைய எழுத்து வடிவப் படைப்பின் பதிப்புரிமைக்கு அது பொருந்தாது என்ற ஒரு வரியையாவது சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

தேதிச் சான்றுகளைப் பற்றி. எழுதியதைத் தனக்குத்தானே பதிவுத் தபாலில் அனுப்பி, உறையைப் பிரிக்காமல் பெட்டியில் வைத்துக்கொள்ளும் பழக்கம் உலகமெங்கும் இருக்கிறது. அதற்குத் தனியான சட்டத் தகுதி எதுவும் இல்லை என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் வெளிப்படையாகவே சொல்கிறது. ஒட்டாத உறையையும் தபாலில் அனுப்பிவிட்டுப் பிறகு எதை வேண்டுமானாலும் உள்ளே வைக்கலாம் என்பதால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைச் சிரித்துக்கொண்டே ஒதுக்கிவிடுவார். இதைவிட மேலானது, மூன்றாம் தரப்பின் சர்வரில் தேதி விழுந்த மின்னஞ்சலும், திருத்த வரலாற்றைத் தானாகச் சேமிக்கும் மென்பொருளும், கைப்பட எழுதிய குறிப்பேடுகளும்தான். முழுமையான ஒரே பிரதியைவிட, அடித்தல் திருத்தலோடு வளர்ந்துவந்த ஏழெட்டு வரைவுகள் அதிகம் பேசும். தங்கையின் பெயர் இரண்டாம் வரைவில் மாறியதும், பொறிக் கடிதம் ஐந்தாம் வரைவில்தான் முளைத்ததும் தெரியும்போது, இது இவர் தலையில் பிறந்தது என்று யாருக்கும் விளங்கும். வரைவுகளை அழிக்கும் வழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

அரசுப் பதிப்புரிமைப் பதிவு கட்டாயமில்லை, ஆனால் பயனுள்ளது. இந்தியாவில் பதிவேட்டில் உள்ள விவரங்கள் முதனோக்குச் சான்றாக, அதாவது மறுத்து நிரூபிக்கப்படும் வரை செல்லும் சான்றாக, ஏற்கப்படும். அமெரிக்காவில், அந்நாட்டுப் படைப்புக்கு மீறல் வழக்குத் தொடுக்கவே பதிவு வேண்டும். காலத்தில் பதிந்தவர், தனக்கு ஏற்பட்ட நட்டத்தை நிரூபிக்காமலேயே, வேண்டுமென்றே செய்த மீறலுக்கு ஒரு படைப்புக்கு 1,50,000 டாலர் வரை சட்டப்படியான இழப்பீடு கேட்க முடியும். எழுத்தாளர் சங்கப் பதிவுகள் இதற்குச் சமமானவை அல்ல. ஒரு குறிப்பிட்ட நாளில் இந்தப் பிரதி இவரிடம் இருந்தது என்பதற்கு அவை சாட்சி, அவ்வளவுதான். மேற்கு அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தில் செய்யும் பதிவு ஐந்தாண்டுகளுக்கு மட்டுமே செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். எந்தப் பதிவிலும் ஒன்லைனை மட்டும் கொடுத்தால் ஒன்லைனுக்குத்தான் தேதி கிடைக்கும்.

தலைப்பைப் பற்றி ஒரு வரி: தலைப்புகளுக்குப் பொதுவாகப் பதிப்புரிமை கிடையாது.

எனக்குத் தெரிந்தவரை எழுத்தாளர்கள் பெரிதும் இழப்பது திருட்டினால் அல்ல, தாங்களே போட்ட கையெழுத்தினால். கருவை யாரோ கேட்டுவிடுவார்களோ என்று நண்பர்களிடம்கூட மூச்சுவிடாதவர், ஒரு போட்டியின் விதிமுறைகளில் 'அனுப்பப்படும் படைப்புகளின் எல்லா உரிமைகளும் அமைப்பாளர்களையே சேரும்' என்ற பதினான்காம் விதியைப் படிக்காமல் முழுக் கையெழுத்துப் பிரதியையும் அனுப்பிவிடுவார். பரிசு கிடைக்காவிட்டாலும் உரிமை போய்விடும். பதிப்பக ஒப்பந்தத்தில் 'இப்போதுள்ளதும் இனி வரப்போவதுமான எல்லா வடிவங்களிலும்' என்ற சொற்றொடர், நாவலோடு சேர்த்துத் திரைப்படத்தையும் ஒலிநூலையும் மொழிபெயர்ப்பையும் அள்ளிக்கொண்டு போகும். எந்த உரிமை, எந்த மொழி, எந்த நிலப்பரப்பு, எத்தனை ஆண்டு என்ற நான்கையும் ஒப்பந்தம் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். குறிப்பிடாதது உங்களிடமே இருக்கும் என்ற வரியும் இருக்க வேண்டும். உங்கள் மறைவுக்குப் பின்னும் குறைந்தது ஐம்பது ஆண்டு நீடிக்கும் உரிமை இது. பெர்ன் உடன்படிக்கை விதிக்கும் குறைந்தபட்ச அளவு அது, இந்தியாவில் அறுபது, ஐரோப்பிய ஒன்றியத்தில் எழுபது. அரை மணி நேரத்தில் கையெழுத்திட்டுத் தருகிற பொருள் அன்று. இருவராகச் சேர்ந்து எழுதுகிறீர்கள் என்றால், நட்பு நன்றாக இருக்கும்போதே யாருக்கு எத்தனை பங்கு, ஒருவர் விலகினால் மற்றவர் தொடரலாமா என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, உண்மையிலேயே எடுத்துவிட்டார்கள் என்று தோன்றினால். முதல் வேலை, சமூக ஊடகத்தில் எழுதாமல் இருப்பது. ஆத்திரத்தில் எழுதும் ஒரு பதிவு, அவதூறு வழக்கில் உங்களைப் பிரதிவாதியாக்கிவிடலாம். இரண்டு படைப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓர் அட்டவணை போடுங்கள்: இடப்பக்கம் உங்கள் காட்சி, அது உள்ள வரைவின் தேதி, வலப்பக்கம் அவர்களுடைய காட்சி. இரண்டிலும் காதல் இருக்கிறது, இரண்டிலும் மழை பெய்கிறது என்பவற்றை நீங்களே அடித்துவிடுங்கள். அந்த வகைக் கதைகளில் இயல்பாக வருகிற எதுவும் கணக்கில் சேராது. எஞ்சுபவற்றில் விசித்திரமான, தேவையற்ற ஒற்றுமைகளைத் தேடுங்கள். உங்கள் வரைவில் தங்கையின் வயது ஓரிடத்தில் தவறாகக் கணக்கிடப்பட்டு, அதே தவறு அவர்களிடமும் இருந்தால், அந்த ஒரு பிழை பத்து அழகான ஒற்றுமைகளைவிட வலுவானது, ஏனென்றால் சரியானதை இருவர் தனித்தனியே எட்டலாம், ஒரே தவறை எட்டுவது கடினம். அத்துடன், அவர்கள் கையில் உங்கள் எழுத்து எந்த வழியில் போய்ச் சேர்ந்தது என்பதையும் காட்ட வேண்டும்; சந்திப்பு முடிந்த அன்று நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல் இங்கேதான் வேலை செய்யும்.

அந்த அட்டவணையோடு பதிப்புரிமை வழக்குகளில் பழகிய ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். வழக்கு நிற்காது என்று அவர் சொன்னால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாவல் தங்கள் ஆய்வு நூலின் மையக் கருத்தை எடுத்துக்கொண்டதாக இரண்டு ஆசிரியர்கள் தொடுத்த வழக்கை 2006-இல் இலண்டன் உயர் நீதிமன்றமும் 2007-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தள்ளுபடி செய்தன. தோற்றவர் எதிர்த்தரப்பின் செலவையும் பெரும்பாலும் ஏற்க வேண்டிய நாடு அது. வழக்கு நிற்கும் என்றால், பல சமயங்களில் முறையான ஒரு வழக்கறிஞர் நோட்டீஸே பேச்சுவார்த்தைக்கு வழி திறந்துவிடும். நோட்டீஸில் என்ன கேட்பது என்பதை அனுப்புவதற்கு முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள். பணமா, பெயரா, வெளியீட்டை நிறுத்துவதா என்பதைப் பொறுத்து அதன் வாசகம் முழுவதும் மாறும்.